மூன்று கைச்சக்கரங்கள்: மில்லிங் இயந்திரம் கணினிக்கு வந்த கதை

உலோகம் வெட்டும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் இரண்டு இயந்திரங்கள் கண்ணில் படும். ஒன்று லேத். அதில் வேலைப்பொருள் சுற்றும், கத்தி நகரும். இன்னொன்று மில்லிங் இயந்திரம். அதில் கட்டர் சுற்றும், வேலைப்பொருள் மேஜையோடு சேர்ந்து நகரும். மேஜையை இடம் வலமாக நகர்த்த ஒரு கைச்சக்கரம். முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கைச்சக்கரம். கட்டருக்கும் மேஜைக்கும் இடையிலான உயரத்தை மாற்ற இன்னொன்று. ஆக மொத்தம் மூன்று.

நேர்க்கோடாக வெட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றினால் போதும். வட்டமாக வெட்ட வேண்டும் என்றால்? இரண்டு சக்கரங்களை ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். அதுவும் ஒவ்வொரு நொடியும் வேகத்தை மாற்றி மாற்றி! எவ்வளவு கை தேர்ந்தவராக இருந்தாலும் இரண்டு கைகளால் இதைத் துல்லியமாகச் செய்ய முடியாது.

இந்த மூன்று சக்கரங்களையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று மோட்டார்களைப் பொருத்தி, ஒரு கணினியோடு இணைத்தால் என்ன ஆகும்? அந்தச் சிறிய இயந்திரம் வட்டம் வெட்டும், எழுத்துப் பொறிக்கும், பல்சக்கரம் கூடச் செய்யும். மேஜை மேல் வைக்கும் அளவுள்ள மில்லிங் இயந்திரங்களை இப்படி மாற்றுவதற்கு 'சி.என்.சி. கன்வெர்ஷன்' என்று பெயர். இன்று பல நாடுகளில் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதை ஓய்வு நேர வேலையாகச் செய்து முடிக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தொழில்நுட்பம் வீட்டுக்காகப் பிறந்ததல்ல. அது பிறந்தது போர் விமானங்களுக்காக. அது வீட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அந்த ஐம்பது ஆண்டுக் கதையில் மோட்டாரும் மின்சாரமும் மட்டுமல்ல, இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டும் அறிவு யார் கையில் இருக்க வேண்டும்?

ஒருவர் எண் படிக்க, இருவர் சக்கரம் சுற்ற...

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே தொழில் நடத்தியவர் ஜான் பார்சன்ஸ் (1913–2007). கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ல், சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களுக்குச் சுழலி இறக்கை செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது.

ஹெலிகாப்டர் இறக்கையின் குறுக்குவெட்டு வட்டமும் இல்லை, நேர்க்கோடும் இல்லை. முன்பக்கம் தடித்து, பின்பக்கம் மெலிந்து போகும் ஒரு வளைவு. அந்த வளைவின் மீது சில புள்ளிகளின் அளவுகள் மட்டுமே வரைபடத்தில் தரப்படும். மீதியை வளைகோட்டு அச்சு வைத்து வரைந்து, வெட்டி, அரத்தால் ராவிச் சரி செய்ய வேண்டும். செய்பவரின் கைத்திறமையைப் பொறுத்து அளவு மாறும். பறக்கும் பொருளில் அந்த மாற்றம் ஆபத்து.

1946ல் பார்சன்ஸ் நிறுவனத்தில் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர் சேர்ந்தார். அவர் இறக்கையின் வலிமையைக் கணக்கிட ஐ.பி.எம். நிறுவனத்தின் துளை அட்டை இயந்திரத்தைப் பயன்படுத்தினார். அதைப் பார்த்த பார்சன்ஸுக்கு ஒரு யோசனை. 'இதே இயந்திரத்தால் அந்த வளைவின் மீது 200 புள்ளிகளைக் கணக்கிட முடியுமா? கட்டரின் ஆரத்தையும் கழித்துக் கொடுக்க முடியுமா?' முடிந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்கள் நிறைந்த அந்த நீண்ட பட்டியலை மில்லிங் இயந்திரத்துக்குக் கொண்டு போனார்கள். ஒருவர் எண்களை உரக்கப் படித்தார். இன்னொருவர் ஒரு கைச்சக்கரத்தை அந்த எண்ணுக்குச் சுற்றினார். மூன்றாமவர் அடுத்த சக்கரத்தைச் சுற்றினார். கட்டர் இறங்கி வெட்டியது. பிறகு அடுத்த எண்... இப்படி 200 முறை!

நன்றாகக் கவனித்தால், இன்றைய சி.என்.சி. இயந்திரத்தின் எல்லா உறுப்புகளும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. பட்டியல்தான் புரோகிராம். படித்தவர்தான் கணினி. சக்கரம் சுற்றிய இருவர்தான் மோட்டார்கள். மனிதர்களுக்குப் பதில் இயந்திரங்களை வைப்பது மட்டுமே பாக்கி.

முதல் இயந்திரமே ஒரு கன்வெர்ஷன்தான்

போருக்குப் பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றின் பாகங்களைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து ஆணி அடித்துச் சேர்ப்பதற்குப் பதிலாக, ஒரே உலோகக் கட்டியிலிருந்து குடைந்து எடுக்க அமெரிக்க விமானப்படை விரும்பியது. கையால் அது நடக்காத காரியம். 1949 ஜூனில் பார்சன்ஸுக்கு விமானப்படை ஒப்பந்தம் கிடைத்தது. துளை அட்டையைப் படித்துத் தானே ஓடும் மில்லிங் இயந்திரம் ஒன்றை அவர் செய்ய வேண்டும்.

மோட்டார் கட்டுப்பாட்டில் அவருக்கு உதவி தேவைப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின், அதாவது எம்.ஐ.டி.யின், செர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்தை நாடினார். அங்கேதான் கருத்து வேறுபாடு தொடங்கியது. பார்சன்ஸ் விரும்பியது எளிமையான இயந்திரம். ஒரு புள்ளிக்குப் போ, வெட்டு, அடுத்த புள்ளிக்குப் போ. அவ்வளவுதான்! ஆய்வகத்தினர் விரும்பியதோ வேறு. கட்டர் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தொடர்ச்சியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். மேஜை உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் அளந்து, தவறினால் திருத்தவும் வேண்டும். செலவு ஏறியது. சிறிது காலத்தில் எம்.ஐ.டி. நேரடியாக விமானப்படையிடமே ஒப்பந்தம் பெற்றது. யோசனையைத் தொடங்கியவர் ஓரங்கட்டப்பட்டார்.

1952 செப்டம்பரில் எம்.ஐ.டி. அந்த இயந்திரத்தை வெளியாருக்குக் காட்டியது. அது புதிதாக வடிவமைத்த இயந்திரமா? இல்லை! சின்சினாட்டி நிறுவனத்தின் 'ஹைட்ரோ-டெல்' என்ற, ஏற்கெனவே இருந்த மில்லிங் இயந்திரத்தை எடுத்து, அதில் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். ஆக, உலகின் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரமே ஒரு கன்வெர்ஷன்தான். துளையிட்ட காகித நாடா கட்டளைகளைத் தந்தது. அதைப் படித்து மோட்டார்களை இயக்க நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். அவற்றை வைக்கப் பெரிய பெரிய அலமாரிகள்.

அதே ஆண்டு மே மாதம் பார்சன்ஸ் தன் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். 1958 ஜனவரியில் அது கிடைத்தது. 1985ல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

வாங்க ஆளில்லாத பொருள்

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பொருள் தயார். ஆனால் வாங்க ஆளில்லை! இயந்திரத்தின் விலை மட்டும் சிக்கல் அல்ல. அதற்கு நாடா தயாரிப்பதற்கே கணக்குத் தெரிந்தவர்கள் பல நாட்கள் உட்கார வேண்டியிருந்தது. சாதாரணத் தொழிற்சாலைக்கு இது கட்டுபடியாகவில்லை.

சந்தை வாங்காததை அரசு வாங்கியது. 1950களின் பிற்பகுதியில் விமானப்படையே நூற்றுக்கும் மேற்பட்ட இயந்திரங்களுக்குப் பணம் கொடுத்து விமானத் தொழிற்சாலைகளில் வைத்தது. புரோகிராம் எழுதுவதை எளிமையாக்க எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் தலைமையில் 'ஏ.பி.டி.' என்ற மொழி உருவானது. 1959 பிப்ரவரியில் அதை அறிமுகப்படுத்திய கூட்டத்தில், அந்த மொழியால் வெட்டப்பட்ட அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

தொடக்க காலத்தின் நட்டத்தைத் தாங்கியது எந்த முதலாளியும் அல்ல. வரி கட்டிய மக்கள்தான்.

பதிவு செய்து திருப்பி ஓட்டு

இதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் அதைச் செய்து பார்த்தது. திறமையான தொழிலாளி ஒரு பாகத்தைக் கையால் வெட்டுவார். அவர் செய்யும் ஒவ்வோர் அசைவும் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு நாடாவை ஓட்டினால் இயந்திரம் அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும். பாட்டைப் பதிவு செய்து கேட்பது போல!

இந்த முறையில் புரோகிராம் எழுதுபவர் தொழிலாளியேதான். எண்வழி முறையிலோ, அலுவலக அறையில் இருக்கும் பொறியாளர் எழுதுவார். பட்டறையில் இருப்பவர் பாகத்தைப் பூட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்பார்.

எண்வழி முறைதான் வென்றது. ஏன்? வரலாற்று ஆய்வாளர் டேவிட் நோபிள் 1984ல் வெளியிட்ட நூலில் ஒரு காரணம் சொன்னார். வேலையின் அறிவைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து நிர்வாகத்தின் கையில் கொடுத்தது எண்வழி முறை. அதனால்தான் நிர்வாகங்களுக்கு அது பிடித்தது என்பது அவர் வாதம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த எழுத்தாளர் கர்ட் வானிகட், அங்கே தானாக ஓடிய மில்லிங் இயந்திரத்தைப் பார்த்த பிறகுதான் 1952ல் 'பிளேயர் பியானோ' நாவலை எழுதினார். இயந்திரங்களால் வேலை இழந்த மனிதர்களின் கதை அது.

நோபிளின் வாதத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஜெட் விமானத்தின் சிக்கலான வளைவுகளைக் கையால் ஒருமுறை கூடச் சரியாக வெட்ட முடியாது. வெட்டவே முடியாததை எப்படிப் பதிவு செய்வது? எனவே அந்த வேலைக்கு எண்வழி முறை தேவையாகவே இருந்தது. ஆனால் எல்லாத் தொழிற்சாலைகளும் விமானம் செய்யவில்லையே! எளிய பாகங்கள் செய்யும் இடங்களிலும் அறிவு பட்டறையிலிருந்து அலுவலகத்துக்கு இடம் மாறியது உண்மை.

பூட்டிய பெட்டி திறந்தது

1971ல் இன்டெல் 4004 என்ற நுண்செயலி வந்தது. அலமாரி அலமாரியாக இருந்த மின்னணுக் கருவிகள் சுருங்கின. காகித நாடா போய்க் கணினியே இயந்திரத்துக்குள் வந்தது. எண்வழிக் கட்டுப்பாடு, கணினி எண்வழிக் கட்டுப்பாடு ஆனது. அதுதான் சி.என்.சி.

ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிய பெட்டியாகவே இருந்தது. கட்டளை மொழிக்கு ஆர்.எஸ்.-274 என்ற பொதுத் தரம் இருந்தது. ஜி-கோட் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். இருந்தும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பழுதானால் செய்தவரிடமே போக வேண்டும்.

1990களில் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஒரு வேலையில் இறங்கியது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை எழுதியது. அதன் பெயர் ஈ.எம்.சி. சாதாரணக் கணினியில் அது ஓடியது. அமெரிக்க அரசு ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதனால் அந்த மென்பொருள் பொதுச் சொத்தானது.

தன்னார்வலர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸில் வளர்த்தார்கள். அதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு பெரிய கணினி நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 2011 வாக்கில் பெயரை மாற்ற வேண்டி வந்தது. லினக்ஸ்-சி.என்.சி. என்று இன்றும் அது வாழ்கிறது. விண்டோஸ் பழகியவர்களுக்கு 2000களில் 'மாக்3' என்ற மென்பொருள் கை கொடுத்தது.

அதே சமயத்தில் இயந்திரமும் மலிந்தது. சீனாவின் சீக் நிறுவனம் செய்த எக்ஸ்2, எக்ஸ்3 போன்ற சிறு மில்லிங் இயந்திரங்கள் பல நாடுகளில் பல பெயர்களில் விற்றன. கலிபோர்னியாவின் ஷெர்லைன் நிறுவனம் மோட்டார் பொருத்த வசதியாகவே மேஜை இயந்திரங்களை விற்றது. மென்பொருள் இலவசம், இயந்திரம் மலிவு, பழைய கணினி எங்கும் கிடைக்கும். இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தபோதுதான் வீட்டுக் கன்வெர்ஷன் சாத்தியமானது.

கன்வெர்ஷன் எப்படி நடக்கிறது?

முதலில் கைச்சக்கரம் கழற்றப்படும். அதன் பின்னால் இருக்கும் திருகுத் தண்டின் முனையில் ஒரு கப்ளிங், அதில் ஸ்டெப்பர் மோட்டார். இந்த வகை மோட்டார் சும்மா சுற்றாது. ஒரு மின்துடிப்பு வந்தால் ஓர் அடி மட்டும் நகர்ந்து நிற்கும். பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 200 அடிகள். அதை இயக்கும் டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600 அடிகள். திருகு ஒரு சுற்றில் மேஜையை 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 அடிகள். அதாவது ஓர் அடிக்கு சுமார் 0.003 மில்லிமீட்டர்!

முன்பு கணினியின் பின்னால் பிரிண்டர் செருகும் இணைப்பு ஒன்று இருந்ததே, அந்தப் பேரலல் போர்ட் வழியாகத்தான் துடிப்புகள் போயின. ஓர் அச்சுக்கு இரண்டே கம்பிகள். ஒன்று 'ஓர் அடி நகர்' என்று சொல்லும். இன்னொன்று 'எந்தப் பக்கம்' என்று சொல்லும். நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் மேஜை நகர, நொடிக்கு 3200 துடிப்புகள் தவறாமல் போக வேண்டும். ஒரு துடிப்பு தாமதித்தால் மோட்டார் தடுமாறி அடியைத் தவறவிடும். மேஜை எங்கே இருக்கிறது என்று அளக்கும் கருவி இதில் இல்லை. அதனால் அடி தவறியது கணினிக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டு தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டே போகும்.

எம்.ஐ.டி. பெரும் செலவில் சேர்த்த 'அளந்து திருத்தும்' பகுதியை வீட்டுக் கன்வெர்ஷன் கைவிட்டது. அதனால்தான் விலை குறைந்தது. எளிமையே போதும் என்று 1949ல் பார்சன்ஸ் நினைத்தது ஒருவிதத்தில் உண்மையானது. தொடர்ச்சியாக வெட்டும் யோசனை மட்டும் எம்.ஐ.டி.யுடையது. இரண்டும் கலந்ததுதான் இன்றைய வீட்டு இயந்திரம்.

'ப்ளே' என்னும் பழைய எதிரி

0.003 மில்லிமீட்டர் என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. திருகுக்கும் அதன் மரைக்கும் நடுவே சிறிது இடைவெளி எப்போதும் உண்டு. பட்டறைகளில் இதை 'ப்ளே' என்பார்கள். சுற்றும் திசையை மாற்றினால், அந்த இடைவெளி தீரும் வரை திருகு மட்டும் சுற்றும், மேஜை நகராது.

கையால் ஓட்டும் தொழிலாளிக்கு இது தொல்லையே இல்லை. சக்கரம் எங்கே இலகுவாகிறது, எங்கே பிடிக்கிறது என்று அவர் கை சொல்லிவிடும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்து சேர்வார். கணினிக்குக் கை இல்லையே! ஒரு வட்டத்தை வெட்டும்போது ஒவ்வோர் அச்சும் இரண்டு முறை திசை மாறும். ஆக நான்கு இடங்கள். அந்த நான்கு இடங்களிலும் வட்டம் கொஞ்சம் தட்டையாகிவிடும்.

இதற்குச் சரியான மருந்து, திருகை மாற்றி உருண்டைகள் ஓடும் பால் ஸ்க்ரூவைப் பொருத்துவது. ஆனால் அதில் உராய்வு குறைவு என்பதால், கட்டர் தள்ளினால் மேஜை தானே நகரப் பார்க்கும். மோட்டார் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கேள்வி கேட்கும். மேஜை நழுவும் பாதையில் உள்ள பட்டிகளை எவ்வளவு இறுக்குவது, எந்த உலோகத்துக்கு எவ்வளவு வேகம், கட்டரின் சத்தம் மாறினால் என்ன அர்த்தம்... இவை எதுவும் ஜி-கோடில் எழுதப்பட்டிருக்காது.

கணக்கு முடிப்பு

2009ல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 'கிரபிள்' என்ற மென்பொருளை வெளியிட்டார். உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ பலகையில் அது ஓடும். ஒரு காலத்தில் அலமாரிகளை நிரப்பிய வேலையை இன்று ஒரே ஒரு சில்லு செய்கிறது. பேரலல் போர்ட் கணினிகளிலிருந்து மறைந்த பின்னும் கன்வெர்ஷன் நிற்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2005ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரெப்ராப் திட்டமும் அதன் வழி வந்த முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் பேசுவது இதே ஜி-கோட்தான்.

இந்தக் கதையில் லாப நட்டக் கணக்குப் பார்த்தால் என்ன தெரிகிறது? தொடக்கத்திலும் பொதுப் பணம். பூட்டைத் திறந்தபோதும் பொதுப் பணம். நடுவில் இருந்த காலத்தில் மட்டும் அது சிலரின் பூட்டிய பெட்டியாக இருந்தது.

தொழிற்சாலையில் அறிவை இழந்து பொத்தான் அழுத்துபவராக மாறிய தொழிலாளிக்கு வீட்டுக் கன்வெர்ஷன் எதையும் திருப்பித் தந்துவிடவில்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது ஒன்றை நிரூபித்திருக்கிறது. புரோகிராம் எழுதுபவரும் இயந்திரத்தின் முன் நிற்பவரும் இரண்டு வெவ்வேறு ஆட்களாக இருந்தே ஆக வேண்டும் என்று இயந்திரம் ஒருபோதும் சொல்லவில்லை. அப்படிப் பிரித்தது மனிதர்கள். சிறிய மேஜை ஒன்றின் முன்னால், கணினியில் எண்களை எழுதிவிட்டு, 'ப்ளே' எவ்வளவு என்று மேஜையைக் கையால் அசைத்துப் பார்க்கும் ஒருவரிடம் அந்த இரண்டு பேரும் மறுபடியும் ஒருவராகச் சேர்ந்திருக்கிறார்கள்.

டிராவர்ஸ் சிட்டியில் எண் படித்தவரும், சக்கரம் சுற்றிய இருவரும் கூட அந்த ஒருவருக்குள்தான் இருக்கிறார்கள்!